கல்வியின் கடன்: ஆல்பர்ட் சுவைட்சர்

முன்னுரை

இருபத்தைந்து வயதிற்குள் மெய்யியலிலும் இறையியலிலும் உயர் பட்டங்கள் பெற்றவர் ஒருவர். பல்கலைக்கழக ஆசிரியராகவும், திருச்சபைப் போதகராகவும், ஆர்கன் இசைக் கலைஞராகவும் ஐரோப்பாவில் அவர் புகழ்பெற்றிருந்தார். முப்பதாம் வயதில் அவர் மீண்டும் மாணவரானார். தம்மினும் பல்லாண்டு இளையவர்களோடு மருத்துவ வகுப்பில் அமர்ந்து, முதல் பாடத்திலிருந்து கற்கத் தொடங்கினார். பின்னர் ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை அமைத்து, அங்கேயே வாழ்ந்து மறைந்தார். அவர்தாம் ஆல்பர்ட் சுவைட்சர். அரிதின் முயன்று பெற்ற பட்டங்களை வைத்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கக்கூடிய அவர், ஏன் இவ்வாறு செய்தார்? இவ்வினாவிற்கு உரிய விடையை அவருடைய மாணவப் பருவத்திலேயே காணலாம்.

இளமைப் பருவம்

ஆல்பர்ட் சுவைட்சர் 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அல்சாஸ் என்னும் எல்லைப் பகுதியில் உள்ளது. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்த அந்நிலம், அவர் பிறந்தபோது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. அவர் பிறந்த ஆண்டிலேயே குடும்பம் குன்ஸ்பாக் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் அவ்வூரின் போதகர். அங்கிருந்த தேவாலயம் ஒன்றே. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் வெவ்வேறு நேரங்களில் அதில் வழிபட்டனர். ஒரே கூரையின்கீழ் இரு சாராரும் வழிபடும் வழக்கம், சிறுவன் ஆல்பர்ட்டின் மனத்தில் ஆழப் பதிந்தது.

உங்களுள் பலர் வீட்டில் தமிழும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் வேறொரு மொழியும் பேசி வளர்கிறீர்கள் அல்லவா? ஆல்பர்ட்டும் அத்தகைய சூழலில் வளர்ந்தவரே. ஊரில் அல்சாஸ் வட்டார மொழி பேசினார். பள்ளியில் ஜெர்மன் பயின்றார். பெற்றோருக்குப் பிரெஞ்சு மொழியில் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் இரு மொழிகளிலும் நூல் எழுதும் ஆற்றலை இப்பழக்கமே அவருக்குத் தந்தது.

ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ஆல்பர்ட் ஒரு தோழனோடு மற்போர் செய்தார். தோழன் வயதில் மூத்தவன். வலியவன் என்று பெயர் பெற்றவன். எனினும் ஆல்பர்ட் அவனைக் கீழே வீழ்த்திவிட்டார். கீழே கிடந்த அவன், வாரம் இருமுறை இறைச்சிச் சாறு தனக்கும் கிடைத்திருந்தால் தானும் அவ்வளவு வலிமை பெற்றிருப்பேன் என்றான். அச்சொல் ஆல்பர்ட்டைச் சுட்டது. அன்றிலிருந்து அந்தச் சாறு அவருக்குக் கசந்தது. ஏழைச் சிறுவர்கள் அணியாத மேலங்கியைத் தாமும் அணிய மறுத்து, அதற்காகத் தந்தையிடம் அடியும் பட்டார். தமக்குக் கிடைத்த நலம் பிறருக்குக் கிடைக்கவில்லை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை உறுத்தத் தொடங்கியது அப்போதுதான்.

உயர்நிலைக் கல்விக்காக அவர் மியூல்ஹவுஸ் நகரில் உறவினர் வீட்டில் தங்கினார். தொடக்கத்தில் அவர் சிறந்த மாணவராக விளங்கவில்லை. ஆனால் கடமையை ஒழுங்காகச் செய்யும் ஆசிரியர் ஒருவரைக் கண்டு, தாமும் உழைக்கக் கற்றுக்கொண்டார். ஆர்கன் வாசிப்பதிலும் அந்நகரில் நல்ல பயிற்சி பெற்றார்.

இறையியல் மாணவர்

1893ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ஆல்பர்ட் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இறையியல், மெய்யியல் என்னும் இரு துறைகளையும் ஒருங்கே பயின்றார். இறையியல் என்பது கடவுளைப் பற்றியும் சமய நூல்களைப் பற்றியும் ஆராயும் கல்வி. கிறித்தவ இறையியல் பயில்வோர் எபிரேயம், கிரேக்கம் ஆகிய பழைய மொழிகளைக் கற்க வேண்டும். விவிலியத்தின் பகுதிகள் எப்போது, எவ்வாறு எழுதப்பட்டன என ஆராய வேண்டும். திருச்சபைக் கோட்பாடுகளின் வரலாற்றையும் அறிய வேண்டும். பக்தி மட்டும் இருந்தால் இத்தேர்வுகளில் வெற்றி பெற இயலாது. ஆல்பர்ட்டும் எபிரேயத் தேர்வில் தட்டுத் தடுமாறியே தேறினார். அக்குறை உறுத்தியதால், பின்னர் அம்மொழியை மீண்டும் முயன்று கற்றார்.

1894ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஓராண்டுக் காலம் அவர் கட்டாய இராணுவப் பணி ஆற்ற வேண்டியிருந்தது. இலையுதிர் காலப் படைப் பயிற்சிக்குச் சென்றபோது, முதுகுப் பையில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையும் எடுத்துச் சென்றார். ஓய்வு நாளொன்றில் மத்தேயு நற்செய்தியின் 10, 11ஆம் இயல்களைப் படித்தார். அப்போது அவருள் ஓர் ஐயம் எழுந்தது. அவருடைய பேராசிரியர் ஹோல்ட்ஸ்மன் பேரறிஞர். மாற்கு நற்செய்தியே மிகப் பழையது என்றும், இயேசுவின் வாழ்வை அதன் வழியாகவே விளங்கிக்கொள்ள வேண்டும் என்றும் கற்பித்தவர். தாம் படித்த பகுதிக்கு அவ்விளக்கம் பொருந்தவில்லை என்று பத்தொன்பது வயது மாணவருக்குத் தோன்றியது.

ஐயம் எழுந்தவுடன் அவர் ஆசிரியரை எதிர்த்து வாதிடவில்லை. தேர்வின்போதும் அதைக் கூறி அவர் மனத்தை வருத்த விரும்பவில்லை. அதேவேளை தம் ஐயத்தைக் கைவிடவும் இல்லை. பல்லாண்டுகள் அமைதியாக ஆராய்ந்தார். ஆசிரியரை மதிப்பதும் உண்மையைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவருடைய மாணவ வாழ்வு காட்டுகிறது.

இருபத்தொன்றாம் வயதில் எடுத்த முடிவு

1896ஆம் ஆண்டு கோடையின் தொடக்கத்தில், பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு அவர் குன்ஸ்பாக் வந்திருந்தார். ஒருநாள் காலை கண்விழித்தபோது, வெளியே பறவைகள் பாடிக்கொண்டிருந்தன. தமக்கு வாய்த்த அன்பான பெற்றோர், உடல்நலம், கல்வி, இசை ஆகியவற்றை எண்ணிப் பார்த்தார். இத்தனை நலன்களையும் கைம்மாறின்றி ஏற்பது முறையன்று என்று உணர்ந்தார். முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது. அதன் பின்னர் மக்களுக்கு நேரடியாகத் தொண்டு செய்வது என்று படுக்கையிலிருந்து எழுமுன் உறுதி பூண்டார். எத்தகைய தொண்டு என்பது அன்று அவருக்கே தெரியாது.

பட்டமும் உதவித்தொகையும்

1898ஆம் ஆண்டு மே மாதம் அவர் முதல் இறையியல் தேர்வில் வெற்றி பெற்றார். உடனே ஆண்டுக்கு 1,200 மார்க் உதவித்தொகை கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. 6 ஆண்டுகளுக்குள் லைசென்சியேட் என்னும் உயர் இறையியல் பட்டத்தைப் பெற வேண்டும். தவறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

அத்தொகையின் துணையோடு அவர் பாரிஸ் சென்றார். ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட்டின் சமயச் சிந்தனையை ஆராய்ந்தார். நூலகத்தின் நடைமுறைகள் காலத்தை வீணாக்கியதால், கான்ட் எழுதிய மூல நூல்களையே மீண்டும் மீண்டும் படித்து ஆய்வேட்டை எழுதி முடித்தார். அதே காலத்தில் விடோர் என்னும் இசை மேதையிடம் ஆர்கனும் பயின்றார். 1899இல் மெய்யியலில் முனைவர் பட்டம் கிடைத்தது. மெய்யியல் துறையிலேயே ஆசிரியராகும் வாய்ப்பும் இருந்தது. எனினும் தேவாலயத்தில் மக்கள்முன் உரையாற்றும் பணியை விட அவருக்கு மனமில்லை. ஆகவே இறையியலையே தேர்ந்துகொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் தூய நிக்கலாஸ் ஆலயத்தில் பணியேற்றார்.

1900ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இரண்டாம் இறையியல் தேர்வு நடந்தது. முதிய போதகர்கள் குழுவாக அமர்ந்து வினவினர். ஆய்வேட்டில் மூழ்கியிருந்த சுவைட்சர் மற்றப் பாடங்களைச் சரியாகப் படிக்கவில்லை. ஒரு பாடலைக் குறிப்பிட்டு, அதன் ஆசிரியர் யார் எனக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அப்பாடல் சிறப்புடையதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று சமாளித்தார். அவையோர் திடுக்கிட்டனர். ஏனெனில் பாடலை இயற்றிய கவிஞரின் மகன் பேராசிரியராக அக்குழுவிலேயே அமர்ந்திருந்தார்! கோட்பாட்டு வரலாற்றில் சுவைட்சருக்கு இருந்த புலமையைக் கண்டு மகிழ்ந்த முதியவர் ஒருவர் பரிந்து பேசியதால்தான், அவர் தோல்வியிலிருந்து தப்பினார்.

ஆறு நாள்கள் கழித்து, ஜூலை 21ஆம் நாள், அவர் லைசென்சியேட் பட்டம் பெற்றார். ஆறு ஆண்டுகள் இருந்தும் இரண்டே ஆண்டுகளில் முடித்ததற்குக் காரணம் உண்டு. தாம் விரைவில் பட்டம் பெற்றால், எஞ்சிய உதவித்தொகை தகுதியுள்ள மற்றொரு மாணவருக்குக் கிடைக்கும் என்று கருதினார். இங்கிலாந்து சென்று பயிலும் ஆவலையும் அதற்காக விட்டுக்கொடுத்தார். அவர் மனத்தில் கொண்டிருந்த அம்மாணவரோ அத்தொகையைப் பயன்படுத்திக்கொள்ளவேயில்லை. பின்னாளில் இதை எண்ணிச் சுவைட்சர் வருந்தினார். பிறருக்கு வழிவிட வேண்டும் என்ற அவருடைய நினைப்போ மாறவில்லை.

1902இல் அவர் அதே பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, தாம் மாணவராகத் தங்கிப் பயின்ற இறையியல் கல்லூரிக்கே முதல்வரானார். படைப் பயிற்சியின்போது தோன்றிய ஐயம் வளர்ந்து, 1906இல் பெருநூலாக வெளிவந்தது. இயேசுவின் வரலாற்றை எழுதிய அறிஞர் பலர், தத்தம் காலத்தின் கருத்துகளையே அவர்மீது ஏற்றிக் கூறியுள்ளனர் என்று அந்நூல் எடுத்துக்காட்டியது. அது இறையியல் உலகில் பெரும் விவாதத்தை எழுப்பியது.

மீண்டும் மாணவர்

1904ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மேசைமேல் கிடந்த ஓர் இதழைச் சுவைட்சர் எடுத்துப் பார்த்தார். அது பாரிஸ் மறைப்பணிச் சங்கத்தின் வெளியீடு. நடு ஆப்பிரிக்காவில் இன்று காபோன் எனப்படும் பகுதியில் பணியாளர் போதவில்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்து முடித்ததும், எட்டாண்டுகளாகத் தேடிய தொண்டு எது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அங்கே நோயுற்றோர்க்கு மருத்துவர் தேவை. ஆகவே மருத்துவராவது என முடிவு செய்தார்.

1905ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பாரிசில் ஒரு தபால் பெட்டியில் கடிதங்களை இட்டு, உற்றாருக்கும் நண்பருக்கும் தம் முடிவை அறிவித்தார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. கற்ற கல்வியும் இசைத் திறமும் பாழாகுமே என்று நண்பர்கள் இரங்கினர். படையை நடத்த வேண்டிய தளபதி, துப்பாக்கி ஏந்திய சிப்பாயாகப் போர்முனைக்குச் செல்வதா என்று விடோர் கடிந்துகொண்டார். ஆயினும் சுவைட்சர் பின்வாங்கவில்லை. அவருக்குப் பெருந்துணையாக நின்றவர் எலேன் பிரெஸ்லாவ். அவ்வம்மையார் செவிலியர் பயிற்சி பெற்று, 1912இல் சுவைட்சரை மணந்தார்.

மருத்துவக் கல்வி எளிதாக இல்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்க விதி இடம் தரவில்லை. தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. பகலில் மருத்துவம் பயின்றார். இறையியல் வகுப்பு எடுத்தார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் உரையாற்றினார். இரவில் நூல் எழுதினார். ஓயாத சோர்வு அவரை வாட்டியது. தேர்வுக் கட்டணத்தை மியூனிக் நகர இசை விழாவில் ஆர்கன் வாசித்து ஈட்டினார். 1911 டிசம்பரில் இறுதித் தேர்வுகளை முடித்து, 1913இல் மருத்துவத்திலும் முனைவரானார்.

பட்டமே தடையானது

ஊதியம் கேட்காமல், மருத்துவமனைக்கான செலவையும் தாமே திரட்டித் தொண்டு செய்ய முன்வந்தவரை மறைப்பணிச் சங்கம் மகிழ்ந்து வரவேற்றிருக்கும் என்று நாம் நினைப்போம். நிகழ்ந்தது வேறு. அவருடைய இறையியல் நூல்களைப் படித்த உறுப்பினர் சிலர், அவர் கொள்கை மரபுக்கு ஒத்ததன்று எனத் தயங்கினர். அவரை அவைமுன் நிறுத்தி, அவருடைய நம்பிக்கைகளை ஆராய விரும்பினர். இயேசு தம் சீடர்களிடம் அத்தகைய தேர்வு எதுவும் வைக்கவில்லை என்று கூறிச் சுவைட்சர் மறுத்துவிட்டார். நோயாளிக்கு மருத்துவம் செய்ய ஓர் இசுலாமியர் முன்வந்தாலும் சங்கம் அவரை ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து.

எனினும் அவர் சினந்து விலகவில்லை. உறுப்பினர்களின் வீடுகளுக்குத் தனித்தனியே சென்று உரையாடினார். மருத்துவம் மட்டுமே செய்வதாகவும், சமயம் பற்றிப் பேசாமல் மீனைப் போல் ஊமையாக இருப்பதாகவும் வாக்களித்தார். அதன் பின்னரே சங்கம் இசைந்தது. பேச்சாலும் எழுத்தாலும் புகழ் பெற்ற ஒருவர், பல்லாண்டு உழைத்துப் பெற்ற புலமையை வாய்க்குள் பூட்டிக்கொள்ள உடன்பட்டார். நோயாளிகளிடம் சென்று சேர்வதற்கு அவர் கொடுத்த விலை அது.

லாம்பரேனே மருத்துவமனை

1913ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுவைட்சரும் மனைவியாரும் ஓகோவே ஆற்றங்கரையிலுள்ள லாம்பரேனே என்னும் இடத்தை அடைந்தனர். மருத்துவமனைக் கட்டடம் ஆயத்தமாகவில்லை. பழைய கோழிக்கூண்டு ஒன்றைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, அதிலேயே சிகிச்சை தொடங்கினார். முதல் 9 மாதங்களில் ஏறத்தாழ 2,000 நோயாளிகள் வந்தனர். மலேரியா, தொழுநோய், உறக்க நோய், குடலிறக்கம் முதலியவற்றால் அவர்கள் துன்புற்றனர். நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கி, அங்கேயே சமைத்து உண்டனர். வாழைப்பழமும் முட்டையும் கட்டணமாக வந்தன.

ஜோசப் என்னும் உள்ளூர்வாசி மொழிபெயர்ப்பாளராக உதவினார். முன்பு சமையற்காரராக இருந்த அவர், உடல் உறுப்புகளை இறைச்சிக் கடைப் பெயர்களாலேயே குறிப்பிடுவார். இவருக்குத் தொடைக்கறியில் வலி, அந்த அம்மையாருக்கு விலாக்கறியில் வலி என்று அவர் எடுத்துரைப்பதைக் கேட்டு மருத்துவர் சிரித்துக்கொள்வார்.

சமயம் பேசுவதில்லை என்ற வாக்குறுதி என்னவாயிற்று? லாம்பரேனேயில் பணியாற்றிய போதகர்கள் சுவைட்சரின் உழைப்பை நேரில் கண்டனர். கொள்கை வேறுபாடு அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. விரைவிலேயே அவர்களே அவரை ஆலயத்தில் உரையாற்றும்படி வேண்டினர்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியக் குடிமகன் என்பதால், பிரெஞ்சு ஆட்சியாளர் அவரைக் காவலில் வைத்தனர். 1917இல் தம்பதியர் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு விடுதலை பெற்று ஊர் திரும்பியபோது, அவரிடம் எஞ்சியிருந்தவை நோயும், மருத்துவமனைக்காக வாங்கிய கடனுமே. சுவீடன் முதலிய நாடுகளில் சொற்பொழிவாற்றியும் ஆர்கன் வாசித்தும் அக்கடனை அடைத்தார். 1924இல் மீண்டும் லாம்பரேனே சென்று, சிதைந்து கிடந்த மருத்துவமனையை எழுப்பினார்.

உயிர்களிடத்து மதிப்பு

1915ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆற்றில் படகில் சென்றுகொண்டிருந்தபோது, நீர்யானைக் கூட்டத்தின் நடுவே, பல நாள் தேடிய கருத்தொன்று அவருக்குத் தோன்றியது. எல்லா உயிர்களையும் மதித்துப் போற்றுவதே அறத்தின் அடிப்படை என்பதே அது. அதுவே அவருடைய மெய்யியலின் மையமாயிற்று.

இந்தியச் சிந்தனை மரபுகளையும் அவர் ஆராய்ந்து, 1935இல் நூலொன்று வெளியிட்டார். இந்தியச் சிந்தனை பெரிதும் உலக வாழ்வை மறுப்பது என அவர் அதில் கூறியதை, இராதாகிருஷ்ணன் போன்ற அறிஞர்கள் மறுத்தனர். ஆனால் அந்நூலில் அவர் மனமுவந்து போற்றிய நூல் ஒன்று உண்டு. அது நம் திருக்குறள். உலக வாழ்வை ஏற்று, அன்போடு செயலாற்றக் கூறும் அதன் அறத்தை அவர் வியந்து பாராட்டினார். ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை, பெற்றதைத் திருப்பித் தர விரும்பிய சுவைட்சர் போற்றியதில் வியப்பில்லை.

1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்பு அமைக்கச் செலவிட்டார். ஆப்பிரிக்க மக்களைத் தமக்குச் சமமானவராகக் கருதாமல், தம்பியரைப் போல நடத்தினார் என்ற குறையும் அவர்மீது கூறப்பட்டது. அது ஆராய்ந்து ஏற்கத்தக்க குறையே. பெரியோர் வாழ்வைக் கற்கும்போது நிறைகளோடு குறைகளையும் அறிதல் நன்று. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், தம் 90ஆம் வயதில், சுவைட்சர் லாம்பரேனேயில் காலமானார். மருத்துவமனை வளாகத்திலேயே, மனைவியாரின் அருகில், அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

சுவைட்சர் கற்ற எதுவும் வீணாகவில்லை. இறையியல் அவருக்கு ஐயுறவும் ஆராயவும் கற்பித்தது. இசை மருத்துவமனைக்குப் பொருள் ஈட்டித் தந்தது. மருத்துவம் நோயுற்றோர் துயர் துடைத்தது. நாம் பெறும் கல்விக்குப் பின்னே பெற்றோரின் உழைப்பும், ஆசிரியரின் பொறுமையும், முகம் அறியாத பலருடைய உதவியும் உள்ளன. அக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே எண்ணி முடிவு செய்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

இறையியல் – கடவுளையும் சமய நூல்களையும் பற்றிய ஆய்வுக் கல்வி
மெய்யியல் – தத்துவம்
ஆர்கன் – காற்றால் ஒலிக்கும் பெரிய இசைக்கருவி
கைம்மாறு – பெற்ற உதவிக்குச் செய்யும் பதில் உதவி
மார்க் – அக்கால ஜெர்மானிய நாணயம்
ஒப்புரவு – பிறர்க்கு உதவி வாழும் பண்பு

பயிற்சி

1. தோழன் கூறிய சொல் ஆல்பர்ட்டின் மனத்தில் எத்தகைய மாற்றத்தை ஏற்படுத்தியது?
2. உதவித்தொகைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை யாது? சுவைட்சர் விரைந்து பட்டம் பெற்றதன் காரணம் என்ன?
3. மறைப்பணிச் சங்கத்தார் தயங்கியது ஏன்? சுவைட்சர் அவர்களை எவ்வாறு இசையச் செய்தார்?
4. சமயம் பற்றிப் பேசுவதில்லை என்று சுவைட்சர் வாக்களித்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உம் கல்விக்கு உதவியவர்களைப் பட்டியலிட்டு, அவர்களுள் ஒருவருக்குத் தமிழில் நன்றிக் கடிதம் எழுதுக.